கோலார் தங்கவயலும் உயர்நிலைப் பள்ளி இரசாயனமும்

இரசாயனத்தில் தேர்ச்சி குறைவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அறிவுக் குறைவன்று. கண்ணாற் காணாத பொருளைக் காதாற் கேட்டு மனனம் செய்யும் வழக்கமேயாகும். கோலார் தங்கவயலில் இவ்வழக்கத்திற்கு இடமே இல்லை. வீட்டு வாயிலில் நின்று நோக்கினால் தெரியும் சாம்பல் நிற மேடுகளே ஒரு பாடமாகும்.

அம்மேடுகள், பொன் எடுத்தபின் ஒதுக்கப்பட்ட கல்மாவு. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்கள் பின்னர் அரசுடைமையாகி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டன. அத்துடன் தொழிலாளர் வீடுகளில் வருவாய் நின்றது. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வியே பிழைப்புக்கு வழியாயிற்று. பாட்டனார் ஆலையில் செய்த வேலை இன்னதென்பதைப் பேரன் சமன்பாடாக எழுதக் கற்பிப்பது ஆசிரியருக்குக் கடினமான காரியமன்று.

1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் பாரஸ்ட் சகோதரர்களும் கண்ட முறை இதுவாகும். பொடித்த கல்லை நீர்த்த சயனைடு கரைசலில் இட்டால், காற்றிலுள்ள பிராணவாயுவின் உதவியால் பொன் கரைகிறது. நான்கு தங்க அணுக்கள், எட்டு அலகு சோடியம் சயனைடு, ஒரு பிராணவாயு மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகியவை சேர்ந்து நான்கு அலகு சோடியம் தங்கச் சயனைடையும் நான்கு அலகு சோடியம் ஹைட்ராக்சைடையும் தருகின்றன. மாணாக்கர் பிராணவாயுவை எழுத மறப்பதுண்டு. கரைசலினுள் காற்றைச் செலுத்தியதன் காரணத்தை அறிந்தவன் மறவான். சுண்ணாம்பு சேர்த்ததற்கும் காரணமுண்டு: கரைசல் அமிலமானால் நச்சு வாயு எழும். இறுதியில் துத்தநாகம் பொன்னை வெளியேற்றி, அதன் இடத்தைத் தான் பெறுகிறது.

இப்பரிசோதனையைப் பள்ளியில் செய்தல் கூடவே கூடாது. மேட்டு மண்ணை எடுத்து வருதலும் ஆகாது. அதற்கு ஈடாக மயில்துத்தக் கரைசலில் தேய்த்த இரும்பாணியை இடலாம். சிறிது நேரத்தில் ஆணியின்மீது செந்நிறத் தாமிரம் படியும். நாளடைவில் நீலம் வெளிறும். வினை ஒரே வகையினது. மயில்துத்தமும் நஞ்சாதலின் ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும். சுண்ணாம்பின் காரத்தன்மையைக் காட்ட மஞ்சள் தூளே போதும். அது சிவப்பதை வெற்றிலை போடும் பாட்டியும் அறிவாள்.

படிக்கும் முறை பற்றிச் சில சொற்கள். சமன்பாட்டைப் பார்த்து எழுதுவதால் பயன் குறைவு. புத்தகத்தை மூடி எழுதிப் பின்னர் ஒப்பிடுக. மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் அதையே மீண்டும் எழுதுக. ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதினும், ஐந்து நாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் படிப்பது நினைவில் நிற்கும். தங்கவயல் மாணாக்கருக்கு மொழியும் ஓர் இடர்ப்பாடு: வீட்டில் இரும்பு, வெளியே கப்பிண, தேர்வுத் தாளில் அயர்ன். மும்மொழிச் சொற்களையும் ஒரே வரியில் எழுதிய சிறு கையேடு ஒவ்வொருவரிடமும் இருத்தல் நலம். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உலோகங்கள் பற்றிய அதிகாரம் உள்ளது. கழகத்தின் இணையத்தளத்தில் அந்நூல் இலவசமாகவே கிடைக்கும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: தங்கத்தின் அணு எடை 197, சோடியம் சயனைடின் மூலக்கூறு எடை 49. எனின், 197 கிராம் பொன்னைக் கரைக்கத் தேவையான சயனைடு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு? விடை 98 கிராமும் 8 கிராமும் ஆகும். ஆலையில் இதனினும் மிகுதியாகவே சயனைடு செலவாயிற்று. கல்லிலுள்ள பிற கனிமங்களும் அதில் பங்கு கேட்டன.