குளிர்முறை சோப்பு: அச்சும் ஜெல் நிலையும் – முக்கியக் குறிப்புகள்

சோப்புத் தயாரிப்புப் பயிற்சித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் அச்சைத் தனிப் பாடமாகவும் ஜெல் நிலையைத் தனிப் பாடமாகவும் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். இந்த அச்சு சூட்டைப் பிடித்து வைக்குமா, வெளியே விட்டுவிடுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

● சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. உடன் கிடைப்பது கிளிசரால். கட்டி சோப்புக்குக் காஸ்டிக் சோடா என்கிற சோடியம் ஹைட்ராக்சைடு; திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கொழுப்புகளின் வேதியியலுக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரெல். அவரது நூல் வெளியான ஆண்டு 1823.

● காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

● சோப்பாக்கல் ஒரு வெப்ப உமிழ் வினை. குளிர்முறையில் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதில்லை என்றாலும், அச்சில் ஊற்றிய கலவை தானாகவே சூடேறும். ஏறக்குறைய 70 முதல் 82 டிகிரி செல்சியசுக்குள் அது கெட்டித்தன்மை இழந்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கூழாக மாறும். இதுவே ஜெல் நிலை. நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிப் பரவும். மேலிருந்து பார்த்தால் நடுப்பகுதி கருத்து, வாசலின் தடவியது போல் மினுங்கும். சுற்றிலும் வெளிறிய விளிம்பு நிற்கும். அந்த விளிம்பு மறைந்தால் முழு ஜெல்.

● தண்ணீர் கூடினால் ஜெல் ஆகும் வெப்பநிலை குறையும்; தண்ணீர் குறைந்தால் வெப்பநிலை கூடும். அடிக்கடி குழப்பும் இடம் இது. 1 பங்கு காரத்துக்கு 2 பங்கு தண்ணீர் என்றால் கரைசலின் செறிவு 33 சதவீதம். ஜெல் வேண்டாம் என்பவர்கள் தண்ணீரைக் குறைப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

● சோப்பு ஆவதற்கு ஜெல் நிலை அவசியமா? இல்லை. ஜெல் ஆகாமலும் வினை முழுமையடையும், நேரம் மட்டும் கூடும். ஜெல் ஆன சோப்பில் நிறம் எடுப்பாக இருக்கும், சீக்கிரம் இறுகும், மேலே சோடா சாம்பல் படிவது குறையும். ஜெல் ஆகாத சோப்பு பளபளப்பின்றி, வெளிர் நிறத்தில் வழவழவென்று இருக்கும். ஆட்டுப்பால் சோப்பு வெளுப்பாக வேண்டுமென்றால் இதுதான் வழி. என் கணிப்பில் இரண்டுமே நல்ல சோப்புதான். தவிர்க்க வேண்டியது அரைகுறை ஜெல். வெட்டிய வில்லையின் நடுவில் கருத்த வட்டமும் மூலைகளில் வெளிறிய பகுதியும் தெரியும். பயன்படுத்தக் கேடில்லை; ஆனால் விற்பனைக்கு வைத்தால் வாங்குபவர் கெட்டுப்போனது என்றே நினைப்பார்.

● சோடா சாம்பல்: சோப்பாக மாறாத காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து உண்டாகும் சோடியம் கார்பனேட். பூஞ்சை அல்ல.

அச்சுகள்

● அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வீட்டிலுள்ள கேக் தட்டு பெரும்பாலும் அலுமினியம்தான் என்பதால் இந்த ஒரு குறிப்பை அடிக்கோடிடுங்கள்.

● மரப்பெட்டி சூட்டைப் பிடித்து வைக்கும். முழு ஜெல்லுக்கு ஏற்றது. உள்ளே பட்டர் பேப்பர் விரிக்காவிட்டால் சோப்பு ஒட்டிக்கொள்ளும். சிலிக்கோன் அச்சில் காகிதம் தேவையில்லை. ஆனால் அதன் மெல்லிய சுவர் வழியே சூடு போய்விடும். மரச்சட்டத்துக்குள் சிலிக்கோன் உறை வைத்த நீள அச்சு இரண்டின் நன்மையையும் தரும்.

● பிளாஸ்டிக்கில் முக்கோணக் குறியினுள் 2, 5 என்ற எண் உள்ளவை காரத்தைத் தாங்கும். 1 என்ற எண்ணுள்ள தண்ணீர் பாட்டில் வகையைக் காரம் சிதைக்கும்.

● ஒற்றை வில்லைக்கான சிறு குழி அச்சில் கலவையின் அளவு குறைவு, பரப்பு அதிகம். சூடு தங்காது, ஆகவே தானாக ஜெல் ஆவது அரிது.

● அச்சுக் கணக்கு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 0.69ஆல் பெருக்கினால் எண்ணெயின் எடை கிராமில் கிடைக்கும். 20 × 10 × 5 அச்சின் கொள்ளளவு 1000 கன செ.மீ.; எண்ணெய் 690 கிராம். முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால், அதன் சோப்பாக்கல் எண் 0.183, 690 × 0.183 = 126 கிராம் காரம். தேங்காய் எண்ணெய் சோப்பு தோலை வறளச் செய்யும் என்பதால் 20 சதவீதக் காரத்தைக் குறைத்து 101 கிராம், தண்ணீர் 202 கிராம். மூன்றையும் கூட்டினால் 993 கிராம். அச்சு சரியாக நிறையும்.

ஜெல்லைக் கட்டுப்படுத்தல்

● வேண்டுமென்றால்: மூடி போட்டு, துண்டு அல்லது போர்வையால் சுற்றி வையுங்கள். ஓவனை ஏறக்குறைய 77 டிகிரிக்குச் சூடாக்கி, அணைத்துவிட்டு உள்ளே வைப்பதும் உண்டு.

● வேண்டாமென்றால்: எண்ணெயையும் கரைசலையும் நன்றாக ஆறவிட்டுக் கலந்து, அச்சை ஃப்ரிட்ஜில் வையுங்கள். சென்னையின் மே மாத வெயிலில் வெறும் மேசைமேல் விட்டாலே ஜெல் ஆகிவிடலாம்.

● தேன், பால், சர்க்கரை மூன்றும் சூட்டைக் கூட்டும். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு நீளவாக்கில் வெடிக்கும், சில சமயம் பொங்கி வழியும். வெடிப்பு கண்ணில் பட்டவுடன் போர்வையை எடுத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

● தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு ஜெல் ஆனால் சில மணி நேரத்திலேயே கல்லாக இறுகும். இளஞ்சூடு இருக்கும்போதே வெட்ட வேண்டும். மறுநாள் வெட்டினால் உதிரும். வெட்டிய பின் 4 முதல் 6 வாரம் காற்றோட்டத்தில் உலர்த்துவது ஜெல் ஆனதற்கும் ஆகாததற்கும் பொது.