புகை விடுத்தலும் நால்வகை மருத்துவமும்

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்னும் நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் மருத்துவம் நிறைவெய்தும் என்பது அவர்தம் கருத்து. மருத்துவமனைக்கு வரும் நோயாளியைப் புகைப்பழக்கத்தினின்று மீட்கும் பணிக்கும் இவ்வகுப்புமுறை பொருந்துவதை ஈண்டுக் காண்போம். நாம் எடுத்துக்கொண்ட களம், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி.

இராமாநுசர் பிறந்த ஊராக நெடுங்காலம் அறியப்பட்ட திருப்பெரும்புதூர், அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியபின் தொழில் நகராயிற்று. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர் பலர் இங்கு விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, இரவு பகல் ஷிப்டுகளில் உழைக்கின்றனர். ஷிப்டு முடிந்ததும் தேநீர்க்கடை. தேநீரோடு பீடி அல்லது சிகரெட்டு. பழக்கம் இவ்வாறுதான் வேரூன்றுகின்றது.

அதன் விளைவு யாது? சென்னை நகரிலும் தமிழகச் சிற்றூர்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆடவரைப் பற்றி டாக்டர் கஜலட்சுமியும் உடனாய்வாளரும் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். நகர்ப்புற நடுவயது ஆடவருள் புகைப்போர் காசநோயால் இறப்பது, புகையாதோரைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. புற்றுநோயும் மாரடைப்பும் மட்டுமே புகையின் விளைவு என்று எண்ணியிருந்தோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. நெருக்கமான அறைகளில் பலர் கூடி வாழும் தொழிற்பகுதியில் இவ்வெச்சரிக்கை இன்னும் கூர்மை பெறுகின்றது.

நோயுற்றவர்

புகைப்பவரை ‘மன உறுதியற்றவர்’ என இகழ்வது நம் வழக்கம். உண்மை வேறு. குருதியில் கலந்த நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகின்றது. உடனே மூளை மீண்டும் அதனைக் கேட்கின்றது. விட்ட முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். சில வாரங்களில் பெரும்பாலும் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கும். புனித ரமலானில் விடியல் முதல் அந்திவரை புகையாதிருக்கும் அன்பர், தம்மால் இயலும் என்பதை முப்பது நாளும் தாமே மெய்ப்பிக்கின்றார். நோன்பு திறந்தபின் பீடியைத் தேடாதிருக்கத் துணைதான் அவருக்கு வேண்டும், வசை வேண்டுவதில்லை.

மருத்துவர்

மருத்துவரின் முதற்கருவி வினாவே. 1979ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், 28 குடும்ப மருத்துவர்கள் தம்மிடம் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்போரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். அறிவுரை ஏதும் பெறாதோருள் ஓராண்டளவும் விட்டிருந்தோர் 0.3 விழுக்காட்டினர், ஓரிரு நிமிட அறிவுரையும், சிறு வெளியீடும், ‘மீண்டும் விசாரிப்போம்’ என்ற முன்னறிவிப்பும் பெற்றோருள் 5.1 விழுக்காட்டினர். சிறிய எண்தான், ஆயினும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வரும் மருத்துவமனையில் அது பல உயிர்களைக் குறிக்கும். இந்தியாவிலோ 2016–17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மருத்துவரை நாடிய புகைப்போருள் 48.8 விழுக்காட்டினரே விடுமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

வினாவின் சொற்களும் இன்றியமையாதவை. “சிகரெட்டு உண்டா?” என்று கேட்டால், பீடி குடிப்பவர் “இல்லை” என்பார், அவர் சொல்வது பொய்யன்று. பீடி, சிகரெட்டு, வாயில் அடக்கும் புகையிலை என ஒவ்வொன்றையும் பெயர் சுட்டிக் கேட்டல் வேண்டும். வடபுலத் தொழிலாளியிடம் அவர்தம் மொழியில் கேட்டல் வேண்டும். மொழி பயில்வோர் இதனை எளிதில் உணர்வர்.

மருந்து

நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை, புகையிலுள்ள நஞ்சுகள் இன்றி, வேட்கையை மட்டும் தணிக்கின்றது. இதனைச் சாதாரண மிட்டாய்போல் மென்று விழுங்கலாகாது. மெதுவாக மென்று, சுறுசுறுவென்ற உணர்வு தோன்றியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, உணர்வு குறைந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். காப்பியோ குளிர்பானமோ அருந்திய உடனே மென்றால் பயன் குறையும். இவ்வகை மருந்துகள் 2022ஆம் ஆண்டு இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. புப்ரோப்பியான், வரெனிக்கிளின் முதலிய மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ளல் வேண்டும்.

அருகிருந்து பேணுவோர்

நான்காம் கூறே நம் தொழிற்பகுதியில் குறையாக நிற்பது. மருத்துவமனைப் படுக்கையில் தொடங்கிய முயற்சி, வீடு திரும்பிய பின்னரும் ஒரு மாதமேனும் தொடர்ந்தால்தான் நற்பயன் தரும் என்பது பல ஆய்வுகளின் திரண்ட முடிவு. ஊரில் தாயும் மனைவியும் இருக்க, தனி அறைக்குத் திரும்பும் இளைஞரை யார் பேணுவார்? அவரை எதிர்கொள்வது அதே தேநீர்க்கடையும், அதே நண்பரும், அதே தீப்பெட்டியுமே.

இக்குறையை நீக்க வழிகள் உள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், 2002 முதல் புகையிலை விடுப்பு ஆலோசனை வழங்கி வருகின்றது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய இலவச உதவி எண் 1800-11-2356; தமிழிலும் இந்தியிலும் பேசலாம். மருத்துவமனையை விட்டுச் செல்லும் நோயாளியின் சீட்டில் இவ்வெண்ணை எழுதித் தருதல் எவ்வளவு எளிய பணி!

எண் மட்டும் போதாது, மனிதரும் வேண்டும். உடன் தங்கியிருப்போர் அறைக்குள் புகையாதிருத்தல், விடுதிக் காப்பாளர் முதல் வாரத்தில் நாளொரு முறை விசாரித்தல், ஜமாஅத்துப் பெரியோர் தொழுகைக்குப் பின் ஓரிரு சொல் பேசுதல், மாணவர் தம் தந்தையரிடமும் தமையன்மாரிடமும் கடிந்துரையாது நினைவூட்டல் ஆகிய இவை யாவும் அருகிருந்து பேணலே. விட்டவர் ஒரு நாள் மீண்டும் பற்றவைத்தால் அதனைத் தோல்வி எனக் கொள்ளலாகாது. பலர் பன்முறை முயன்றே விடுகின்றனர்.

பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்டு டால் குழுவினர் 2004ஆம் ஆண்டு ஒரு நற்செய்தி கூறினர். அறுபது வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்நாளையும், முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டையும் மீட்கின்றனர். ஒரகடத்துத் தொழிலாளருள் பலர் முப்பதைத் தொடாதவர்கள். அவர்க்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, விடவேண்டும் என்னும் எண்ணமும் பலர்க்கு உண்டு. நான்காம் கூறாக நாம் அமைவோமாக.