யோகி பி: தமிழ் ராப்பின் முன்னோடி

சிப்காட் கம்பெனி பஸ்ஸில் தினமும் இதே சண்டை: தமிழ் ராப்பைத் தொடங்கியது ஹிப்ஹாப் ஆதியா, வேறு யாராவதா? – வாசகர், ஓசூர்

ஆதிக்கு முன்பே களத்தில் இருந்தவர் மலேசியத் தமிழர் யோகி பி. 1990களில் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ராப் பாடியவர். பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் 'யோகி பி - நட்சத்திரா'வாகச் சேர்ந்து 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பம்தான் திருப்புமுனை. 'நிழல்கள்' (1980) படத்து இளையராஜா மெட்டின் மேல் எழுந்த அதன் 'மடை திறந்து' பாட்டு தமிழ்நாட்டிலும் பட்டையைக் கிளப்பியது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் பாடினார். பின்னர் 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' படங்களிலும். ஆதியின் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது 2012இல்தான். '1994லேயே காதலன் படத்தில் பேட்டை ராப் வந்துவிட்டதே' என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தால், அது ரஹ்மானின் சினிமாப் பாட்டு. ராப்பையே தொழிலாகக் கொண்டவரின் ஆல்பம் அல்ல.