ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே ஊதிய நிர்ணயம்

அரசாங்கம் தனக்குத் தேவையான பணிகள் அனைத்தையும் தன் ஊழியர்களைக் கொண்டே செய்துகொள்வதில்லை. துப்புரவு, காவல், சலவை, சிற்றுண்டிச் சாலை போன்றவை ஒப்பந்தக்காரர்களிடம் விடப்படுகின்றன. குறைந்த தொகை கோருபவருக்கே ஒப்பந்தம் என்பது பொதுவிதி. பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிட இவ்விதி அவசியமே. ஆனால் இப்பணிகளில் செலவின் பெரும்பகுதி ஊதியமே என்பதால் ஒரு சிக்கல் எழுகிறது.

ஓர் அலுவலகத் துப்புரவுக்கு 20 பேர் மாதம் 26 நாள் வேலை செய்ய வேண்டும் எனக் கொள்வோம். அவ்வூரில் நிலவும் நாட்கூலி 600 ரூபாயானால் ஊதியச் செலவு மாதம் 3,12,000 ரூபாய். 450 ரூபாய்க்கு ஆள் வைக்கத் துணிபவருக்கு 2,34,000 ரூபாயே ஆகும். ஒப்பந்தம் இரண்டாமவருக்கே கிடைக்கும். அரசுக்கு மிச்சமாகும் 78,000 ரூபாய் நிர்வாகத் திறமையால் வந்ததன்று; தொழிலாளியின் கூலியிலிருந்து வந்தது.

அமெரிக்கச் சட்டம்

இச்சிக்கலைப் பல நாடுகள் முன்பே உணர்ந்தன. பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1891-இல் அரசு ஒப்பந்தங்களுக்கு நியாயக் கூலித் தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்கா 1931-இல் அரசுக் கட்டுமானப் பணிகளுக்கும், 1965-இல் சேவைப் பணிகளுக்கும் சட்டம் இயற்றியது. பின்னதன்படி, 2,500 டாலருக்கு மேற்பட்ட சேவை ஒப்பந்தங்களில் தொழிலாளர் துறையின் ஊதிய நிர்ணயம் இணைக்கப்பட வேண்டும்.

ஒப்பந்தம் விட விரும்பும் அலுவலகம், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னரே உரிய நிர்ணயத்தைப் பெற வேண்டும். இன்று பெரும்பாலான நிர்ணயங்கள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. பொருத்தமானது கிடைக்காதபோது தொழிலாளர் துறைக்கு மின்னணு முறையில் கோரிக்கை அனுப்பப்படுகிறது. பணி நடைபெறும் இடம், பணியின் தன்மை, தொழிலாளர் வகைகள், நடைமுறையிலுள்ள தொழிற்சங்க உடன்பாடு ஆகிய விவரங்கள் இதற்குத் தேவை.

நிலவும் ஊதியம் எதுவெனக் கணிக்கவும் விதி உண்டு. ஒரு வட்டாரத்தில் ஒரே வகை வேலை செய்வோரில் பெரும்பான்மையோர் ஒரே விகிதம் பெற்றால் அதுவே நிலவும் ஊதியம். இல்லையேல் சராசரியோ இடைநிலை அளவோ கொள்ளப்படும். உடல்நலக் காப்பு, விடுமுறை போன்ற சலுகைகளும் தனியே குறிக்கப்படும். பட்டியலில் இல்லாத வேலை வகைக்கு, பட்டியலில் உள்ளவற்றோடு நியாயமாக ஒத்துவரும் விகிதம் பின்னர் வகுக்கப்படும்.

1972-ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிடத்தக்கது. ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம், சங்கம் பேசிப் பெற்ற கூலி பறிபோகும் அபாயம் இருந்தது. அதே பணியை அதே இடத்தில் ஏற்கும் புதிய ஒப்பந்தக்காரர், முந்தையவர் சங்கத்தோடு செய்த உடன்பாட்டின் ஊதியத்திற்குக் குறையாமல் வழங்க வேண்டும் எனத் திருத்தம் விதித்தது. மீறுவோரின் பட்டியல் தொகையிலிருந்து நிலுவைக் கூலியைப் பிடித்து வைக்கலாம். அவர்களை மூன்றாண்டுகள் அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

நமது நிலை

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தையொட்டி 1971-இல் மத்திய விதிகள் வகுக்கப்பட்டன. நேரடித் தொழிலாளர் செய்யும் அதே வேலையையோ அதையொத்த வேலையையோ செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஊதியம் தரப்பட வேண்டும் என்று அவை விதித்தன. கருத்து வேறுபாட்டைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் அதிகாரி தீர்த்துவந்தார். எனினும் இக்கேள்வி பெரும்பாலும் வேலை தொடங்கியபின், தொழிலாளி முறையிட்டாலன்றி எழவில்லை. துப்புரவுப் பணி முழுவதும் ஒப்பந்தத்தில் விடப்பட்ட அலுவலகத்திலோ ஒப்பிட்டுப் பார்க்க நேரடித் தொழிலாளியே இருக்கவில்லை. குறைந்தபட்சக் கூலி மட்டுமே காப்பாக எஞ்சியது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்ற பொறுப்பு தொடர்கிறது. ஆனால் குறைந்தபட்சக் கூலி வேறு, வட்டாரத்தில் நிலவும் கூலி வேறு. முன்னது எவரும் அதற்குக் கீழே இறங்கக் கூடாத எல்லை; பின்னது அவ்வேலைக்கு அவ்வூர் உண்மையில் அளிக்கும் மதிப்பு.

செய்யத்தக்கது

நிலவும் ஊதியத்தை விதித்தால் அரசின் செலவு உயரும் என்பது ஒரு வாதம். உயரலாம். ஆனால் அது புதிய செலவன்று. இதுவரை தொழிலாளியின் குடும்பம் தாங்கிய செலவு கணக்கில் ஏறுவதே. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே வேலை வகை, ஆள் எண்ணிக்கை, பணி நேரம், இடம், வகைவாரி ஊதிய விகிதம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மற்றச் செலவினங்களில் மட்டும் போட்டியை அனுமதிப்பது ஏற்ற வழியாகும். மேற்பார்வை, கருவிகள், வேலை அமைப்பு ஆகியவற்றில் ஒப்பந்தக்காரர்கள் தம் திறமையைக் காட்டட்டும். கூலி போட்டிக்குரிய பொருளன்று. போட்டி தொடங்குமுன்பே தீர்க்கப்பட வேண்டிய கணக்கு.