குடிலுக்குப் பின்னால் ஒரு சால்டரிங் அயர்ன்

செமஸ்டர் முடிஞ்சு டிசம்பர்ல தூத்துக்குடி பக்கம் ஊருக்குப் போறீங்களா? உங்களுக்கான வேலை அங்க ரெடியா இருக்கும். மாடியில் ஸ்டார் கட்டணும், ஓலையும் வைக்கோலும் வச்சுக் குடில் செய்யணும், சீரியல் லைட் சுத்தணும். "இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைதானே, கரண்ட் வேலையை நீ பாரு"ன்னு வீட்டில் சொல்லிடுவாங்க. அந்த வேலைக்கான பாடம்தான் இது.

ஸ்ரீரங்கம், 2004

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வீடியோ எடுக்கப் போட்ட லைட்டின் ஒயரில் தீப்பொறி கிளம்பி, மேலே வேய்ந்திருந்த கீற்றில் பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கே இருந்தது ஒரு ஒயர், பக்கத்தில் காய்ந்த ஓலை. நம்ம வீட்டுக் குடிலிலும் அதே இரண்டுதான் இருக்கு.

"எம்சிபி இருக்கே, டிரிப் ஆகிடாதா?"

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் சரிபார்க்கணும். எம்சிபி அளவுக்கு மீறின கரண்ட்டை மட்டும் பார்க்கும். ஆர்சிசிபி, போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு பார்க்கும். லூஸ் கனெக்‌ஷன்ல வர்ற சூடு இந்த ரெண்டு கணக்கிலும் வராது.

போட்டுப் பார்ப்போம். சீரியல் லைட் இருக்கிற அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் அயர்ன் பாக்ஸையும் சொருகுறோம். மொத்தம் 1150 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபி கூட இதுக்கு அசையாது. ஆனா சாக்கெட்டுக்குள்ள பின் சரியா கவ்வாம, அந்த இடத்தில் 1 ஓம் மின்தடை இருந்தா? வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. 5 × 5 × 1 = 25 வாட். நம்ம லேப்ல ஈயம் உருக்குற சின்ன சால்டரிங் அயர்ன் அதே 25 வாட்தான். அதை ஆன் பண்ணி வைக்கோல் பக்கத்தில் வச்சிட்டு பூசைக்குக் கிளம்புவீங்களா?

உப்புக்காற்று செய்யும் வேலை

கடற்கரை ஊர்களில் இந்த மின்தடை சீக்கிரமே ஏறும். உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளையில் அந்த ஈர உப்பு படிஞ்சு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு கரண்ட்டைச் சரியா கடத்தாது. போன டிசம்பருக்கு அப்புறம் பரணில் கிடந்த போர்டு, அப்போ இருந்த அதே போர்டு கிடையாது.

மழையும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அடுத்த வாரமே கிறிஸ்துமஸ். தண்ணீரில் நனைஞ்ச போர்டு, வெளியே காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே உப்பும் சேறும் இருக்கும். அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

ஊருக்குப் போனதும் செய்யுங்க

1. பச்சைக் களிம்பு, பழுப்பேறிய பிளாஸ்டிக், லூசான சாக்கெட் இருக்கிற போர்டைத் தூக்கிப் போட்டுட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதுசு வாங்குங்க.
2. அலங்கார விளக்குக்குத் தனி போர்டு. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், மிக்ஸி எதுவும் அதில் வேண்டாம்.
3. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்க. சுட்டால் பிரச்சினை.
4. பேப்பர் ஸ்டாருக்குள் குண்டு பல்பு வேண்டாம். சின்ன எல்இடி போதும்.
5. ஒயரை முறுக்கி, டேப் சுத்திய ஜாயிண்ட் எதுவும் வைக்கோலுக்குள் போகக் கூடாது. போர்டு குடிலை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். மெழுகுவர்த்தியும் அப்படித்தான்.
6. தூங்கும்போதும் வெளியே கிளம்பும்போதும் ஸ்விட்சை அணைங்க.

இன்னொன்று: சூடேறின பிளக், சாக்கெட் சில நேரம் மீன் வாடை அடிக்கும். நம்ம ஊரில் மீன் வாடையை யாரும் கண்டுக்க மாட்டாங்க. சமையலறையில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தா, போர்டைப் பாருங்க.

தீ பிடிச்சிட்டா முதலில் மெயினை அணைங்க. கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊத்தாதீங்க, மணல் போடலாம். கைக்கு அடங்காதுன்னு தெரிஞ்சா எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 101-க்குக் கூப்பிடுங்க. பொருளை எடுக்க யாரும் திரும்ப உள்ளே போக வேண்டாம்.

இதையெல்லாம் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். ஸ்டார் கட்ட மாடி ஏறுறதுக்கு முன்னாடியே அதை முடிச்சிடுங்க.