குசினி மேடைக்கு எந்தக் கல்?

நிரந்தர வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, குசினி மேடைக்கு எந்தக் கல்லைப் போடுவது என்பதாகும். சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக்கென்று கிடைக்கும் பணத்தில் ஒரு கற்பலகையை இரண்டு தடவை வாங்க முடியாது.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்குப் பழக்கமான கல் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடே அதன் மேல்தான் இருக்கிறது. கிணறு கட்டவும் மதில் எழுப்பவும் அது உதவும். சமையல் மேடைக்கு ஆகாது. நாம் ஒருமுறை பொதுச் சமையற்கூடம் ஒன்றுக்கு வழவழப்பான வெள்ளைக்கல்லைத் தெரிவுசெய்தோம். சமைக்க வந்த பெண்கள் முதல் நாளே "இது புளிக்கு நில்லாது" என்றார்கள். நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களுக்குள் பழப்புளி சிந்திய இடமெல்லாம் மினுக்கம் போய்ச் சொரசொரத்தது. மஞ்சட் கறையும் ஏறிவிட்டது.

காரணம் இதுதான். சுண்ணாம்புக்கல்லும் விலை கூடிய மாபிளும் ஒரே இனம். அந்த இனத்தைப் புளிப்பு அரிக்கும். வன்னியில் கிடைக்கும் கருங்கல் வேறு இனம். புளிப்பு அதை எளிதில் தொடாது, கத்தியும் இலகுவில் கீறாது.

கல் வாங்கப் போகும்போது ஓர் ஆணி, ஒரு தேசிக்காய், ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். கல்லின் அடிப்பக்கத்தை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு இனமே. வியாபாரி என்ன பெயர் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

அடுத்து, கல் முழுவதையும் நனைத்துக் காய விடுங்கள். மேற்பரப்பு காய்ந்த பின்பும் ஈரக்கோடு தெரிந்தால் அங்கே வெடிப்பு உண்டு. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். வெடித்த கல் மொத்தென்று கேட்கும். காக்காய்ப்பொன் அடுக்கடுக்காக மின்னும் கல்லையும் தவிர்ப்பது நல்லது. அந்த அடுக்கிலேயே அது பிளக்கும்.

கல் பாரத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆகையால் இரு முனைகளில் மட்டும் செங்கல் வைத்து நிறுத்தாமல், அடி முழுவதும் சீமெந்துச் சாந்தில் படியும்படி மேசனிடம் கேட்டு வையுங்கள். விறகடுப்பைக் கல்லின்மேல் நேரே வைக்க வேண்டாம். தொடர்ந்த சூட்டில் கருங்கல்லும் செதிள் செதிளாகக் கழரும். அடுப்புப் பகுதியைச் செங்கல்லாலும் களிமண்ணாலும் தனியே கட்டி, அதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கற்பலகையைத் தொடங்குங்கள்.