மார்கழிப் பனியும் குல்மார்க் பனியும்

மாணிக்கவாசகர் பிறந்த எங்கள் திருவாதவூரில், மார்கழி விடியலில் திருவெம்பாவை காதில் விழும் நேரம் வயல் வரப்பெல்லாம் பனியில் நனைந்து கிடக்கும். இங்கேயே இப்படி என்றால் காஷ்மீரில் ஆளுயரத்துக்குக் கிடக்குமே என்று நம்பி, அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் உண்டு. சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: குளிர் வந்தால் பனி தானாக விழும்.

உண்மை: விழாது. இரண்டையும் 'பனி' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. நம் ஊர்ப் பனி, காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து புல்லில் படிவது. காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்கின் பனி மேகத்திலிருந்து விழுவது. அந்த மேகத்தை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கொண்டுவருவது, 'மேற்கத்திய இடையூறு' என்று வானிலைக்காரர்கள் சொல்லும் காற்றுச் சுழற்சி. அது வராவிட்டால் குளிர் மட்டும் எலும்பைக் குத்தும். தரை காய்ந்தே கிடக்கும். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். 2024 ஜனவரியில், அந்த நாற்பது நாளின் நடுவிலேயே, குல்மார்க் சரிவுகளில் பழுப்புப் புல்தான் தெரிந்தது. பனி வந்து சேர ஜனவரி கடைசி ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். வேறு பனியைப் பற்றிச் சொன்னது என்றாலும், மாதக் கணக்கு குல்மார்க்குக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது.

நம்பிக்கை: பனி இல்லாவிட்டால் இயந்திரம் வைத்துக் கொட்டிவிடுவார்கள்.

உண்மை: இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும், நிறையத் தண்ணீரும் வேண்டும். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை சுமார் மைனஸ் 2.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் தெளிக்கும் நீர் பனியாகும். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக உத்தராகண்டின் ஔலியில் இந்த இயந்திரங்களை வைத்தார்கள். அப்படியும் 2023 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த தேசியப் போட்டி பனியில்லாமல் ரத்தானது. அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபரிலேயே சில சறுக்குமலைகளைத் திறக்கிறார்களே என்று கேட்கலாம். சீசனின் முதல் சறுக்கலுக்கு அங்கே அவ்வளவு தேவை இருக்கிறது. ஆனால் அப்போது திறப்பது பெரும்பாலும் இயந்திரப் பனி போட்ட ஒன்றிரண்டு பாதைகளை மட்டுமே. கூட்டமெல்லாம் அதிலேயே நெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குல்மார்க் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறிச்சேரும் இடம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம். முதல் பனி அங்கேதான் விழும். புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவதோ 2,650 மீட்டரில், கீழே. மேலே எடுத்த படத்தைக் காட்டி 'பனி வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மெல்லிய முதல் பனிக்கு அடியில் பாறையும் மரக்கட்டையும் மறைந்திருக்கும், முழங்கால் போய்விடும்.

விடுமுறை டிசம்பரில்தான் என்றால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போய்வாருங்கள். சறுக்கத்தான் வேண்டுமென்றால் தை பிற்பாதியோ மாசியோ பாருங்கள். எந்த மாதமானாலும், முன்பணம் கட்டும் முன் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.